மேற்கு வாசல்

உடுமலையிலிருந்து தாராபுரம் போகும் சாலையில்
பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினால்
முதலில் முந்தானை பறக்கும்,
பிறகுதான் கல்லூரி தெரியும்.
காற்றாடிகளுக்கு நடுவே
கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கருங்கல் கட்டடம்
எங்கள் சிற்றாலயம்.
இந்த ஆடிப் பதினெட்டோடு
எழுபத்தைந்து.

வரைபடம் போட்டவர் மழைநாட்டுக்காரர்.
பீடம் கிழக்கே, வாசல் மேற்கே, அது அவர் ஊர் முறை.
மேற்கே என்ன இருக்கிறதென்று
யாரும் சொல்லவில்லை போல.
பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது.
ஆனி பிறந்தால் வாயைத் திறக்கும்,
ஆவணி வரைக்கும் மூடாது.

மலர்க் குழுவில் என்னைப் போட்டிருந்தார்கள்.
பௌதிகம் நடத்துகிறவள், கணக்குப் பார்ப்பாள் என்று
பழைய பேரேடுகளைத் தலையில் கட்டினார்கள்.
அடிக்கல் நாட்டியவர், பேராயர் வந்த தேதி,
நன்கொடை தந்த பஞ்சாலைக்காரர்
எல்லாம் ஒரே ஒரு முறை வருகிறார்கள்.
திரும்பத் திரும்ப வருவது இது:
"மேற்கு வாசலுக்குத் தாழ்ப்பாள்."
முதல் வருஷமே ஒன்று, ரெண்டு ரூபாய் ஆறணா.
பிறகு கொல்லர் ஆறுச்சாமி அடித்த இரும்புத் தாழ்.
பிறகு பித்தளை.
ஒரு பஞ்ச வருஷத்தில் வெறும் வேலமரக் கட்டை.
நான் எண்ணியவரை பதினொன்று.
அத்தனையும் தின்ற காற்று
மூலனூர் தாண்டிக் கரூர்ப் பக்கம் போயிருக்கும் இந்நேரம்.

"ஆண்டுக்கொன்றாய் எழுபத்தைந்து மெழுகுவத்தி" என்றார் முதல்வர்.
"அணைஞ்சுருமுங்க" என்றார் வாட்ச்மேன் நாச்சிமுத்து,
யாரும் கேட்காமலே.
பேட்டரியில் எரிவது வாங்கலாம் என்றார் பொருளாளர்,
ஒன்று பதினெட்டு ரூபாய், திருப்பூரில் மொத்தமாய்க் கிடைக்கும்.
போதகர் ஜெபக்கனி அம்மாள் கோபப்பட்டு
அன்றுதான் பார்த்தேன்:
"ஊதினா அணையாத வெளிச்சத்துக்கு
எதுக்குங்க ஜெபம்?"

நான் அதிகம் ஜெபிக்கிறவள் அல்ல.
எங்கள் குலசாமி காட்டுக்குள் இருக்கிறது,
வருஷத்துக்கொரு கிடாய், ஒரு பொங்கல், அத்தோடு கணக்கு நேர்.
ஆனால் தாள் திருத்தி முடித்த மத்தியானங்களில்
இங்கே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.
பன்னிரண்டு வருஷமாக
அந்தக் கேள்வி இல்லாத இடம்
எனக்கு இது ஒன்றுதான்.

சாயங்காலம் ஆறரை.
பழைய மாணவிகள் பட்டுச் சேலையில், முட்டி வலியில்.
நாற்பதாவது திரி ஏறும்போது
தாழ்ப்பாள் தெறித்தது.
கதவு ரெண்டும் சுவரில் மோதிய சத்தத்தில்
கூரைப் புறாக்கள் எழுந்து
பேராயர் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின.
மெழுகுவத்தி அணைந்தது, கரெண்டும் போனது.
இத்தனை காற்றாடி சுற்றும் ஊரில்.

இருட்டில் முதலில் யாரோ சிரித்தார்கள்.
எழுபது வயதுச் சிரிப்பு அது:
"எங்க காலத்துலயும் இப்படித்தாம் புள்ள!"
பிறகு எல்லோரும்.

மூன்றாம் வரிசையில் மட்டும் ஒரு வெளிச்சம்.
ரெண்டாமாண்டு விலங்கியல், மடத்துக்குளத்து கெசியா,
மத்தியானச் சோறு கொண்டுவந்த தூக்குப்போசிக்குள்
தன் மெழுகுவத்தியை இறக்கி வைத்திருந்தாள்.
உள் விளிம்பில் கழுவாத பருக்கை ஒன்று மின்னியது.
அவள் அதை உயர்த்தவில்லை, ஒருவருக்கும் காட்டவில்லை.
பாட்டுப் புத்தகத்தைச் சாய்த்து
அடுத்த அடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.
பக்கத்துத் தலைகள்
ஒவ்வொன்றாய் அந்தப் பக்கம் சாய்ந்தன.

மறுநாள் பேரேட்டில் எழுதினேன்:
"ஆடி 19. மேற்கு வாசலுக்குத் தாழ்ப்பாள். பன்னிரண்டாவது."
தொகை எழுதும் இடத்தில் பேனா நின்றது.
நாச்சிமுத்து வந்து கேட்டார்,
"ஸ்டீல்ல போட்டுரலாமுங்களா?
அப்பறம் அசையவே அசையாது."

வெளியே இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"வேண்டாங்க," என்றேன்,
"போன தடவ போட்டதையே போடுங்க."