முதல் பதிப்பு

ஏழாவது இன்னிங்ஸ் முடிவதற்குள்
இரண்டு செய்தி எழுதிவிடுவேன்.
ஒன்றில் ஜெயித்தோம்.
ஒன்றில் தோற்றோம்.
எப்படியும் ஒன்று குப்பைக்குப் போகும்.
முப்பத்தோரு வருஷம்,
வருஷத்துக்கு நூற்றைம்பது ஆட்டம்.
நடக்காத ஆட்டங்களைத்தான் நீ நன்றாக எழுதினாய் என்பான்
டெஸ்க்கில் இருந்த கோவாச்.

க்ளீவ்லாந்தில் ஏப்ரல் மாதத்தை
வசந்தம் என்று எழுதுகிறவன் வெளியூர்க்காரன்.
ஏரிக்காற்று விரலைக் கடிக்கும்,
தட்டச்சில் 'எஸ்' அடித்தால் 'டி' விழும்.
ஜூனில் ஏரிப்பூச்சி, காபியில் மிதக்கும்.
நிருபர்களுக்கு ஹாட் டாக் இலவசம்.
இந்தத் தொப்பை
பத்திரிகைச் சுதந்திரத்தின் பலன்.

ஸ்கோர் புத்தகத்தில்
மூன்று முறை வீசித் தவறியவனுக்கு ஒரு 'கே'.
மட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலே
மூன்றாவது பந்து போவதைப் பார்த்து நின்றவனுக்கும்
அதே 'கே'தான்,
இடம் வலமாகத் திருப்பிப் போட வேண்டும்.
லெனோர் பெட்டியோடு படியிறங்கிய காலையில்
நான் சிகாகோ விமானத்துக்கு
ஜோடி சேரும் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தேன்.
எனக்கு எந்த 'கே' என்று
நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எழுபத்தொன்பது, ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை.
கேட்சர் டெல்மர் ஹாக்,
வழக்கமான ஆளுக்கு முழங்கால் வீங்கியதால் வந்தவன்,
எட்டாவது இன்னிங்ஸில்
கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான்.
எதிரணிக்கு இரண்டு ரன். ஐந்துக்கு மூன்று.
பத்து ஐம்பதுக்கு முதல் பதிப்பு பூட்டு.
அந்த லாரி தெற்கே போகும்,
பால்பண்ணை ஊர்களுக்கு, ஊஸ்டர் வரைக்கும்.
ஹாக் பிறந்த ஊருக்கும்.
நான் போனில் கத்தினேன்:
"ஹாக் தோற்கடித்தான், புள்ளி, புதுப் பத்தி,
ஹெச், ஏ, இன்னொரு ஏ, ஜி."
தோற்ற செய்தி போய்ச் சேர்ந்தது.

பதினொன்று நாலுக்கு
ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட்,
இரண்டு பேர் தளத்தில்.
ஹாக் அடித்த பந்து இடது வேலிக்கு மேலே
விளக்கு வெளிச்சத்துக்குள் போய்
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.
கூண்டில் கைதட்டக் கூடாது, அது சட்டம்.
மேஜைக்கடியில் என் கால் மட்டும் சட்டத்தை மீறியது.

அவன் அடித்த ஒரே ஹோம் ரன் அது.
செப்டம்பரில் கீழணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் அக்கா வில்மா ஒரு கடிதம் போட்டாள்.
"ரேடியோவில் கேட்டோம், குதித்தோம்.
காலையில் உங்கள் பேப்பர் தோல்வி என்றது.
இங்கே பாதிப் பேர் அச்சில் வந்ததைத்தான் நம்புகிறார்கள்.
சரியான பதிப்பு ஒன்று அனுப்ப முடியுமா?
தபால்தலை இணைத்திருக்கிறேன்."
அனுப்பத்தான் நினைத்தேன்.
அந்தத் தபால்தலையை
மின்சாரக் கட்டணத்துக்கு ஒட்டினேன்.

பேப்பர் பாதியாகச் சுருங்கி
என்னையும் கழித்துவிட்ட பிறகு ஒரு பனிக்காலம்.
டயர் வெடித்து நான் ஒதுங்கிய கடையில்
கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது
என் முதல் பதிப்பு.
ஜாக்கியோடு வந்தவனை முழங்கையில் அடையாளம் தெரிந்தது.

"இதைப் போய் ஏன் மாட்டினாய்?" என்றேன்.
துணியில் கையைத் துடைத்துவிட்டு
என் பெயருக்கு மேலேயிருந்த அவன் பெயரைத் தொட்டுக் காட்டினான்.
"ஒரு ஏ குறைகிறது பாருங்கள்.
தோற்றது யாரோ."

டயருக்கு ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை.
தபால்தலையைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

வழியெல்லாம் உப்பு தூவிய சாலை.
ஆட்டமே இல்லாத ஜனவரியில்,
இன்று நடந்ததற்கு
இரண்டு முதல் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.
வீடு வரும்வரை
எதைக் குப்பையில் போடுவதென்று தெரியவில்லை.