இரண்டாவது குத்து

காலை ஆறே முக்கால்.
ஷட்டர் பாதி ஏறும்போதே
குனிந்து நுழைந்துவிடுகிறார்கள்
வெறும் வயிற்றுக்காரர்கள்.

செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கும்
பாத்திரக்கடைக்கும் நடுவே எங்கள் லேப்.
ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி.
மாற்றிப் பிடித்தால் முதலாளி கத்துவார்,
நேரமானால் டோக்கன் வைத்திருப்பவர் கத்துவார்.
ரத்தம் மட்டும்
சத்தமில்லாமல் வரும்.
வராத நாளும் உண்டு.

போன மாதம் மதுரையிலிருந்து ஒருவர் வந்து
மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படியென்று
படம் போட்டுக் காட்டினார்.
மூச்சை இழுங்கள், நாலு எண்ணுங்கள், விடுங்கள்.
ஆறு பேரும் இழுத்தோம்.
கண்ணாடிக்கு வெளியே முப்பத்தெட்டு டோக்கன்
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.
மூணு எண்ணும்போது போன்.
பள்ளத்தூரில் ஒரு வீட்டில் போய் எடுக்கணும், இப்பவே.
ஸ்கூட்டர் சாவியைத் தேடி ஓடினேன்.
அந்த மூச்சை
இன்னும் விட்டதாக ஞாபகம் இல்லை.

எனக்கென்று ஒரு வழி இருக்கிறது.
சென்ட்ரிஃப்யூஜ் சுற்றும் பத்து நிமிடம்
அதன் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன்.
அது நடுங்கும்.
கையும் அதோடு நடுங்கும்.
எது யாருடைய நடுக்கம் என்று
யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது.
யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை.
கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற நீள்கிற கை:
அருமையான நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.
மொய் எழுதுகிறவர் கை:
கஷ்டம், குழந்தை ஊசிதான் போடணும்.
ஒரு ராத்திரி தூக்கத்தில்
செபாஸ்டியனின் முழங்கை மடிப்பை
இரண்டு விரலால் தட்டியிருக்கிறேன்.
"இங்கயுமா ஜெசிந்தா?" என்றார்,
கண்ணைத் திறக்காமலே.

இன்று பத்தொன்பதாம் டோக்கன்,
பேர் முத்துராக்கு.
புதுவயல் அரிசி ஆலையில் வேலை,
காதோர முடியில் தவிடு.
நரம்பு தெரிந்தது. தொட்டேன்.
குத்தியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது.
ஊசி உள்ளே இருக்கிறது,
டியூப் காலியாக இருக்கிறது.
பின்னாலிருந்து ஒரு வெள்ளை வேட்டி,
"கத்துக்கிட்டு வந்து குத்தக் கூடாதாம்மா?"
அது அவர் கைகூட இல்லை.

மறு கையில் பட்டையைக் கட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஏப்ரலிலேயே நின்றுவிட்ட காலண்டரைப்
பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
வந்தது, மூன்று மில்லி.
"பஞ்ச அழுத்திப் பிடிங்க, தேய்க்காதீங்க."
அதற்கடுத்துச் சொல்லவேண்டிய ஒரு சொல்
மாஸ்க்கின் உட்புறத்தில் ஒட்டி
ஈரமாகிவிட்டது.
இருபது, என்று கூப்பிட்டேன்.

மாலை ஆறு பத்து, அறந்தாங்கி பஸ்.
எப்படியோ இடம் கிடைத்தது.
என் மூக்குக்கு நேரே
கம்பியைப் பிடித்த ஒரு கை,
மடிப்பில் நாவல்பழம் அளவுக்கு நீலம்.
என் கையெழுத்து.

மாஸ்க் இல்லாத என்னை
அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
கையில என்ன, என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

"காலைல ரத்தம் எடுத்தாக.
ரெண்டு தடவ குத்துச்சு அந்தப் பொண்ணு."
பஸ் ஒரு மாட்டுக்காக நின்றது.
டிரைவர் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தார்.
அவள் காத்திருந்து, சத்தம் அடங்கிய பிறகு சொன்னாள்,
"பாவம், அதுக்குக் கை நடுங்குச்சு.
சாப்புடாம வந்துருக்கும் போல."

கோட்டையூர், கோட்டையூர்.
எழுந்து இடத்தைக் காட்டினேன்.
"உக்காருங்க. அந்த இடத்தத் தேய்க்காதீங்க."
படியில் கால் வைக்கும்போது
அந்தக் குரலை எங்கோ கேட்டவள் மாதிரி
அவள் தலை திரும்பியது.
அதற்குள் இறங்கிவிட்டேன்.

நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில்
மூன்று இட்லி வாங்கி
நின்றபடியே தின்றேன்.
மணி ஆறே முக்கால்.
காலைப் பலகாரம்.