நன்றி என்றால் போதும்

மொண்டேவிடியோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை
லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டுவது.
பத்தரை மணிக்குச் சுரைக் குடுவை வரும்.
வாஷிங்டன் ஊற்றுவான்.
ஆமாம், அதுதான் அவன் பெயர். தம்பி பெயர் லிங்கன்.
அவர்கள் அம்மாவுக்கு டாலர் நோட்டு பிடிக்கும் போல.
வெந்நீர் பிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு,
மூன்று நாள் பிள்ளையைத் தாங்குகிற கவனத்தோடு,
மிச்சமிருக்கும் கையால் ஜாக்கி சுற்றுவான்.

மாத்தே எனக்குப் புதிதல்ல.
சலமியாவில், எங்கள் வீட்டில்,
டீசல் அடுப்பின் மேல் கெட்டில் முனகாத மாலை கிடையாது.
சின்னக் கண்ணாடி கிளாஸ், சர்க்கரை, உறிஞ்சுகுழல்,
தட்டின் ஓரத்தில் எலுமிச்சைத் தோல்.
ஆகவே முதல் நாள்,
அந்நிய ஊரில் தெரிந்த முகத்தைக் கண்டவனாய்
இரு கையாலும் வாங்கினேன்.
குடித்தேன். திருப்பிக் கொடுத்தேன்.
மரியாதையாகச் சொன்னேன்: கிராசியாஸ்.
ஸ்பானிஷில் நான் கற்ற முதல் வார்த்தை.
உச்சரிப்புக்கு வகுப்பில் கைதட்டல் வாங்கியிருந்தேன்.

சுற்று மறுபடி வந்தது.
என்னைத் தாண்டிப் போனது.

செவ்வாய்: ஒரு குடுவை, ஒரு கிராசியாஸ்,
தாண்டிப் போனது.
புதன்: காதில் விழவில்லையோ என்று
குரலைக் கூட்டிச் சொன்னேன்.
வியாழன்: நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.
சின்ன ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி
என் மூக்குக்கு முன்னால் கடந்து போனது குடுவை.

அன்றிரவு போனில் தங்கை கேட்டாள்,
அங்கே சந்தோஷமா இருக்கியா?
நான் டயர் விலையைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, கணக்கெழுதும் நிபியா
பல் டாக்டரிடம் போகிற அவசரத்தில் உறிஞ்சி முடித்து,
குடுவையை நீட்டி, கிராசியாஸ் என்று சொல்லி
பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.
அடுத்த சுற்றில்
அவள் நாற்காலியைத் தாண்டிப் போனது குடுவை,
நேற்று என்னைத் தாண்டிய அதே வேகத்தில்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.
இங்கே நன்றி என்றால்
போதும் என்று அர்த்தம்.
இந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு காலையும்,
போதும் ஐயா போதும் என்று
நானே பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.
அவர்களும், பாவம், நம்பியிருக்கிறார்கள்.

திங்கள் என் முறை வந்தது.
குடித்தேன். வார்த்தை தொண்டை வரைக்கும் ஏறியது.
இலையின் கசப்போடு சேர்த்து விழுங்கினேன்.
ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுவது
எதையோ திருடிவிட்டு நிற்பது போலிருந்தது.
வாஷிங்டனின் ஒரு புருவம் மட்டும் உயர்ந்தது.
சுற்று வந்தது.
என்னிடம் நின்றது.

ஒருமுறை எலுமிச்சைத் தோல் கொண்டுபோனேன்.
எங்கள் ஊரில் குழல் கைமாறும்போது
அதன் நுனியைத் தோலால் தேய்த்துக் கொடுப்போம்.
லிங்கன் மோந்து பார்த்துவிட்டு
மருந்துக்கடை நாத்தம் என்றான்.
நிபியா மட்டும் அந்தக் குளிர்காலம் முழுக்க
மேசை டிராயரில் ஒரு எலுமிச்சை வைத்திருந்தாள்.
அது காய்ந்து கோலிக்குண்டு ஆன பிறகும்
ரசீதுகளோடு உருண்டுகொண்டிருந்தது.

ஆகஸ்டில் வாஷிங்டனின் மனைவி
ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.
நான்காம் நாள் வேலைக்கு வந்தான்.
பத்தரைக்கு இலையை நிரப்பினான்.
முதல் குடுவை ஊற்றுகிறவனுக்கு;
தூசியும் கடுங்கசப்பும் அதில்தான் இறங்கும்.
முறைப்படி அதை அவனே குடித்தான்.
அப்புறம் எங்களுக்கு ஊற்றினான்.

ஏழாவது சுற்றில் இலை சாயம் வெளுத்தது.
ஒன்பதாவதில் வெந்நீர் ஆறிப்போய்
நனைந்த வைக்கோல் போல இருந்தது.
நிபியா கணக்கைத் திறக்கவில்லை.
லிங்கன் எப்போதும் மூன்றோடு எழுந்துவிடுகிறவன்,
உட்கார்ந்தே இருந்தான்.
யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.
மறுபடி அடித்தது.
பிறகு டிரைவரே திட்டிக்கொண்டு உள்ளே வந்தான்,
எங்கள் முகங்களைப் பார்த்தான்,
தொப்பியைக் கழற்றினான்.
நிபியா காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளினாள்.
வாஷிங்டன் அவனுக்கும் ஊற்றினான்.
அந்தச் சுவையற்ற வெதுவெதுப்பை
அவன் சத்தம் வரும்வரை உறிஞ்சினான்,
வாயைத் துடைத்தான்,
ஒன்றும் சொல்லாமல் நீட்டினான்.