எட்டும் ஒரு மொட்டும்

நான்காவது ஞாயிறும்
மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து
நன்மங்கலம் காப்புக்காட்டு வேலியோரம் இறங்கினேன்.
"ஆந்தைதானே?" என்றார் வனக்காவலர் டில்லிபாபு.
கேமரா தூக்கி வருகிறவர்கள் எல்லாம்
கல்குவாரிக் கொம்பன் ஆந்தைக்குத்தான் வருகிறார்களாம்.
"இல்லண்ணே, ஒரு செடி."
"என்னா செடி?"
"இலை இருக்காது. பூ மட்டும் இருக்கும்."
காய்ச்சலா என்பதுபோல
என் நெற்றியைப் பார்த்தார்.

சித்திரை வெயில்.
காரைமுள் துப்பட்டாவைப் பிடித்துப் பிடித்து
ஏதோ சொல்லவந்து விட்டுவிட்டது.
மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைக்குமேல் போனது.
யாரோ எறிந்த பிரியாணிப் பொட்டலத்தை
எறும்புகள் இன்னும் முடிக்கவில்லை.

தேடிக் கண்டேன் என்றால் பொய்.
செருப்பு வார் அறுந்தது.
குனிந்தேன்.
ஊக்கைப் பல்லில் கடித்தபடி
பக்கவாட்டில் திரும்பினால்
காய்ந்த புல்லுக்கு நடுவே
காய்ந்த புல்லின் நிறத்திலேயே ஒரு தண்டு,
முழங்கால் உயரம்.
அதில் பூ.

எண்ணினேன். ஒன்பது.
மறுபடி எண்ணினேன். எட்டும் ஒரு மொட்டும்.
வெளிறிய பச்சை இதழில் பழுப்பு நரம்பு,
உதடு மட்டும் வெள்ளை,
அதன்மேல் நாவற்பழம் தின்ற கறை.
அடியில், பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாய்க் கிழங்கு,
சந்தைக் கூடையிலிருந்து உருண்ட வெங்காயம்போல.
பூக்கடையில் செலோபேன் சுற்றிக்கொண்டு
குச்சி எழுபது ரூபாய்க்கு நிற்கிற
ஊதாச் சீமாட்டிகளுக்கு
இது சித்தி முறை என்றால்
யார் நம்புவார்கள்?

ஊக்கு எப்போது விழுந்ததோ.

படத்தை மெஹருன்னிசாவுக்கு அனுப்பினேன்.
ஹெர்பேரியத்தில் உலர்ந்த செடிகளைத்
தாளில் ஒட்டுகிறவள்.
உடனே கூப்பிட்டாள். "எங்கே?"
"சென்னையிலதான்."
"சென்னைல எங்கேடி?"

போன வருடம்
வண்டலூர்ப் பக்கம் ஒரு மரத்து வாண்டாவை
இன்ன தெரு, இன்ன மரம் என்று எழுதிவைத்தேன்.
அடுத்த வாரம்
கத்தி பட்ட பட்டைதான் இருந்தது.
ஈரமாக.

"மழை வரட்டும் மெஹர், சொல்றேன்."
சொல்லவில்லை.

ஐப்பசியில் போனேன்.
இலை விட்டிருந்தது.
பக்கத்துப் புல்லுக்கும் அதற்கும்
எனக்கே சட்டென்று வித்தியாசம் தெரியவில்லை.
பின்னால் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.
என் பார்வையைப் பிடித்து வந்துவிடுவார்களோ என்று
வானத்தை அண்ணாந்து பார்த்தபடி
கடந்துபோனேன்.

நன்மங்கலம் என்று மேலே எழுதியிருப்பதை
நம்பவேண்டாம்.
டில்லிபாபுவுக்கும் வேறு பெயர், வேறு காடு.
செருப்பு அறுந்தது
நிஜம்.