பணியாளர் நீங்கலாக

பெட்டிக்குள் ஒரு தகரப் பலகை:
பத்துப் பேர், எழுநூற்றைம்பது கிலோ,
பணியாளர் நீங்கலாக.
இருபத்தாறு வருஷமாய் நான்தான் அந்த நீங்கலாக.

ஜார்ஜியாவில், சியாத்துராவில்,
இரண்டு மலை, நடுவே ஆறு, மேலே கம்பி.
கம்பியில் தொங்கும் பெட்டியில்
சுரங்கத்துக்கு ஆள் ஏற்றி, சந்தைக்கு ஆள் இறக்குகிறவள்.
முகத்தைப் பார்க்குமுன் எடையைப் பார்ப்பேன்.
உருளைக்கிழங்கு மூட்டையோடு வரும் எதெரியை
ஒன்றேகால் ஆளென்று எண்ணுவேன்.
என்னை எண்ணியதில்லை.

மார்ச்சில் முட்டியைப் படமெடுத்த டாக்டர்
படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.
"முதலில் பதினைந்து கிலோ. அப்புறம் கத்தி."
மருந்துக்கடைத் தராசில் ஏறும்முன்
செருப்பைக் கழற்றினேன், கோட்டைக் கழற்றினேன்,
சாவிக்கொத்தை, காதுத் தோட்டைக்கூட.
நூற்றிரண்டு.
தராசின் நாவுக்குத் தாட்சண்யம் கிடையாது.

அன்றிலிருந்து ரொட்டி பாதி.
ஊறுகாய்ப் புட்டியில் வேகவைத்த சிவப்பு பீன்ஸ்,
மேலே கொத்தமல்லி, புளிப்புப் பிளம் சாறு ஒரு கரண்டி.
சர்க்கரையில்லாத தேநீர் முதல் வாரம்
துணி அலசிய தண்ணீர்.
மூன்றாம் வாரம் அதற்கும் ஒரு ருசி இருந்தது,
எனக்குத்தான் இத்தனை நாள் அறிமுகமில்லை.
எட்டு வாரம். ஆறு கிலோ.

பசியை ஏய்க்கலாம்.
பாசத்தை என்ன செய்வது?
இந்த ஊரில் "வேண்டாம்" என்பது ஒரு வசவு.

சனிக்கிழமை நாத்தனார் நூனுவின் மகனுக்கு நிச்சயதார்த்தம்.
தட்டின்மேல் தட்டு, அதன்மேல் தட்டு,
பாலாடைக்கட்டி உருகி விளிம்பு தாண்டும் கச்சாபுரி.
செத்தவர்களுக்கு ஒரு கோப்பை,
இனிப் பிறப்பவர்களுக்கு ஒரு கோப்பை.
"எனக்காக" என்று நூனு ஒரு துண்டு வைத்தாள்.
இரண்டாவது, மணப்பெண்ணுக்காக.
மூன்றாவது யாருக்கென்று நினைவில்லை.
நான்காவது எனக்காக,
சமையலறையில், நின்றபடி, விளக்குப் போடாமல்.

ஞாயிறு முழுக்க அந்த நான்காவது துண்டு என்னோடு பேசியது.
தலைக்குமேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்றது.
நியாயமாகத்தான் பட்டது.
திங்கள் காலை பீன்ஸ் புட்டியை எடுக்கவில்லை.
பையில் நூனு கட்டிக்கொடுத்த மிச்சம்.

ஏழு நாற்பதுக்கு மின்சாரம் போனது.
பெட்டி அந்தரத்தில். கீழே மாங்கனீசு கலந்து கறுத்த ஆறு.
உள்ளே இரவு ஷிப்ட் முடித்த ஜும்பெர்,
வலை நிறைய வெங்காயத்தோடு எதெரி,
புதிதாய்க் குடிவந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்.
"பின்னாலேயே உருண்டு அடிவாரத்துக்குப் போயிடுமா?"
ஆயிரம் தடவை சொன்ன பதிலைச் சொன்னேன்:
"போகாது கண்ணு. நின்ன இடத்துல நிக்கும்.
கரண்ட் வந்ததும் நின்ன இடத்துலேர்ந்து கிளம்பும்."

சொல்லிவிட்டு
கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் தலைக்குமேல் போகும் கம்பிக்கு
சாண் வேறு, முழம் வேறு.

ஜும்பெரின் மூக்கு பையைக் கண்டுபிடித்தது.
பிரித்தேன். நான்கு துண்டு.
உட்கார்ந்து, வெளிச்சத்தில், ஒன்றே ஒன்று,
மென்று தின்றேன்.
ஆறிப் போயிருந்தது. உப்பு ஒரு கல் கூட.
நூனுவிடம் சொல்லக் கூடாது.

பதினேழு நிமிஷம். பிறகு ஒரு குலுக்கல்,
எதெரியின் வெங்காயம் ஒன்று என் காலடிக்கு உருண்டது.
பதிவேட்டில் எழுதினேன்:
நிறுத்தம், 7.40 முதல் 7.57 வரை.
பெட்டியில் நான்கு பேர்.

விதிப்படி மூன்று என்றுதான் எழுத வேண்டும்.
அடித்துத் திருத்தவில்லை.

மதியம் சந்தையில் அரைக் கிலோ பீன்ஸ் வாங்கினேன்.
டாக்டர் கணக்கில் இன்னும் ஒன்பது கிலோ,
சனிக்கிழமையைச் சேர்த்தால் ஒன்பதரை.
முட்டி வலிக்கிறது.
பீன்ஸ் ராத்திரி முழுக்க ஊற வேண்டும்.