மூன்றுக்குக் குறைவாக

தார்த்துவில் நவம்பர். ஆய்வகத்தில்
ஹீட்டர் மட்டும் முனகுகிறது.
பயிற்சி ஐந்து: நாளொன்றுக்கு
மூன்று பேருக்கும் குறைவாக ஏறும்
பேருந்து நிறுத்தங்களை நீக்குக.
திரீனு எழுதியது பதினோரு வரி.
எல்லாச் சோதனையும் பச்சை.

அடியில் இன்னொரு கேள்வி:
நீக்கியதில் ஒன்றுக்குப் போய் வா.
அங்கே யார் நின்றார்கள்?
மதிப்பெண் இல்லை என்றிருந்தது.
சிரித்துவிட்டு மடிக்கணினியை மூடினோம்.

சனிக்கிழமை அவள் போயிருக்கிறாள்.
காட்டோரம் ஒரு கம்பம், கூரைகூட இல்லை.
ரொட்டி ஆலையில் இரவு வேலைக்குப் போகும் ஓலேனா
கையுறையைப் பல்லால் இழுத்துவிட்டு
அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.
நாய்க்கும் சீட்டு வேண்டுமா என்று
ஓட்டுநரிடம் தினமும் கேட்கும் ஒருவர்.
அவ்வளவுதான்.

ஊர் திரும்ப வேறு வண்டி கிடையாது.
இவளும் ஏறினாள்.
கருவி மூன்று முறை கூவியது.

அன்று ஒருநாள் அந்த நிறுத்தம்
அவள் நிரலிடமிருந்து தப்பியது.

திங்களன்று அதே பதினோரு வரி.
எட்டாவது வரியில், அந்த மூன்றுக்குப் பக்கத்தில்,
கர்சர் இமைத்துக்கொண்டே இருந்தது.
என் பச்சையை நான் அனுப்பியாகிவிட்டது.
அவள் திரையைப் பார்க்காததுபோல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.