ஏழாம் கட்டம்

படிவத்தின் ஏழாம் கட்டம் கேட்கிறது:
தாக்கம்?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்.

பாடாங் செராய் பெரிய சாலையில்
மாமாக் கடை மின்விசிறிக்குக் கீழே
மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
தே தாரிக்கின் நுரை அடங்கிவிட்டது.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
வளைவில் ஒரு பழத்தை உதிர்த்துவிட்டுப் போகிறது.
பின்னால் வந்த மோட்டார்சைக்கிள் அதை நசுக்க
தாரில் ஆரஞ்சுக் கறை.

பதவி உயர்வு கேட்டிருப்பவர் நோர்லைலா.
பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது, விதி.
பதினொரு கட்டுரைகள்.
பத்துக்குத் தோளில் பட்டை உண்டு,
கியூ ஒன், கியூ டூ என்று.
பதினொன்றாவது அநாதை:
மலாயில், ஏதோ ஒரு பட்டறை மலரில், ஆறே பக்கம்.
மருந்து அடிப்பவர்களின் கைகளைப் பற்றி.

(இங்கே மருந்து என்றால் விஷம்.
தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒருமுறை சொன்னேன்.
அடிக்குறிப்பில் போடுங்கள் என்றார்கள்.)

மேற்கோள்கள் இரண்டு.
இரண்டும் அவரே அவரைச் சொன்னது.

ஆய்வு நடந்த தோட்டம்
இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்.
போ என்று யாரும் சொல்லவில்லை,
எண்ணெய்க் காசும் கிடைக்காது.
நேற்றுப் பெரட்டு கலைந்த பிறகு போனேன்.

மருந்து ஸ்டோர் கதவின் உட்புறம்
ஆறு பக்கமும் ஒட்டியிருந்தன,
பசைநாடா மஞ்சளித்து, ஓரம் சுருண்டு.
மூன்றாம் பக்கத்தில், அடித்த நிரைக்குள் மறுபடி நுழைய
நான்கு மணி நேரம் என்று அச்சு.
நீல மையில் அதை வெட்டி
இருபத்து நான்கு என்று ஒரு கை.
பக்கத்தில் தமிழில்:
மறுநாள்தான். யார் சொன்னாலும்.
அதன் கீழ் வங்காளத்தில் ஒரு வரி.
ரஃபிக்குல் படித்துச் சொன்னான்:
அதேதான், கூட ஒரு கெட்ட வார்த்தை.

யார் திருத்தியது?
ஸ்டோர் கிராணி சாரதாமணி
சாவிக்கொத்திலிருந்து தலை நிமிரவில்லை.
"தப்பா இருந்துச்சு. வெட்டினேன்."
எப்படித் தெரியும்?
சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள்.
அங்கே தோல்
வேறு யாருடையதோ போல ஆறியிருந்தது.

இருபது ஆண்டுகளில் நான் எழுதிய மதிப்புரை எதுவும்
இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

அந்த அம்மா திரும்ப வந்தாரா?
"ஒருக்கா. வெட்டினதைப் பாத்துச்சு,
மொகம் செத்துப்போச்சு.
போன்ல படம் புடிச்சுக்கிச்சு. போயிருச்சு."

இரவு விடுதியில் மீதிப் பத்தையும்
வரிவரியாகத் தேடினேன்.
பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இன்றும் நான்குதான்,
பிழை திருத்தம் எதுவும் வரவில்லை.
ஆனால் மறுவருடத்துக் கியூ ஒன் கட்டுரையில்,
நாற்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியதில்,
அட்டவணை இரண்டின் கடைசி வரி:
இருபத்து நான்கு.
சத்தமில்லாமல்.
நன்றியுரையில் நிதி கொடுத்த அமைச்சு இருக்கிறது,
ஆய்வகம் இருக்கிறது, கணவர் இருக்கிறார்.

கோபம்தான் முதலில் வந்தது.
பிறகு என் பழைய கட்டுரை ஒன்று நினைவுக்கு வந்தது,
குளுவாங் பக்கம் ஒரு தண்டல் சொன்ன கணக்கு,
என் பெயரில்.
கோபத்தைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.

கடைக்காரர் மேசை துடைக்க வருகிறார்.
கணினியைத் தூக்கிப் பிடித்தபடி
குறிப்புரைப் பெட்டியில் தட்டுகிறேன்:
நாற்பத்தொரு மேற்கோள் பெற்ற அந்த எண்ணின் மூலம்
தோட்டத்து மருந்து ஸ்டோர் கதவு, பக்கம் மூன்று,
திருத்தியவர் சா

பெட்டி நிறைந்துவிட்டது என்கிறது திரை.
இருநூறு எழுத்துதான் ஏற்குமாம்.

முதலிலிருந்து அழிக்கிறேன்.
பெயரை முன்னால் போட்டு
மறுபடி தொடங்குகிறேன்.
ஏழாம் கட்டம் இன்னும் காலி.